ஆறு மணிப் பயணிகள்

டிசம்பர் 4
அறை எண் 11, மலை ஆய்வு நிலையம்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் இங்கே நலம். குளிரில் மூக்கு மட்டும் சிவந்து கிடக்கிறது. அண்ணனின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி புதுக் கண்ணாடி போட்டாயிற்றா?

ஒரு செய்தி. நிலையத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் 20-ஆம் தேதி நேர்காணல். அதற்கு முன் இத்தனை வருஷம் என்ன ஆராய்ச்சி செய்தேன் என்று முழுப் பட்டியல் கொடுக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன், இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகள் தேறின. பெருமையாகத்தான் இருந்தது, ஒவ்வொன்றிலும் என் பெயர் எங்கே என்று தேடும் வரை. மலைமேல் முந்நூறு தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பி வைத்து, வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்கிறோம் இல்லையா? தொட்டிக்கு ஒரு ஆள் என்பதுபோல் கட்டுரைக்கும் முந்நூறு பெயர். அகர வரிசையில் நான் நூற்று எண்பத்தேழாவது.

நானாகச் செய்தது எது என்று யோசித்தபோதுதான் உங்கள் வீட்டு அலமாரிமேல் இருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது செய்து, உங்களிடம் விட்டுவந்த பெட்டி. தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை அதற்குள் வானத்திலிருந்து எத்தனை துகள்கள் பாய்கின்றன என்று பார்த்து, மாதம் ஒரு தாளாக அனுப்புகிறீர்கள். போன மாதத்தோடு பத்தொன்பது வருஷம் முடிந்தது. ஒரே பெட்டி, ஒரே வீடு, ஒரே மனிதர். இவ்வளவு நீளமான பதிவு வேறு யாரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதைக் கட்டுரையாக எழுத ஆசை. இரண்டே பெயர்கள். சம்மதமா?

தலைவரானால் அறை எண் ஒன்று கிடைக்கும். அங்கே குளிர்காயக் கணப்பு உண்டு, பெரிய ஜன்னல் உண்டு. இந்தப் பதினொன்றில் சுவருக்குள் குழாய்கள் இருமுகின்றன. எலி வளையானாலும் தனி வளை என்று இருக்கிறேன்.

இருவரையும் நினைத்தபடி,
தங்கை


டிசம்பர் 19

ஐம்பதைத் தொடப்போகும் பாப்பாவுக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதுவது. நாங்கள் சுகம். உன் மூக்கைப் பத்திரமாக வைத்துக்கொள், நம் குடும்பத்திலேயே எடுப்பான மூக்கு அது ஒன்றுதான்.

உன் கட்டுரை ஒன்றின் முதல் பக்கத்தை அண்ணியிடம் காட்டினேன். புதுக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, வாக்காளர் பட்டியலா?" என்கிறாள். "உங்க தங்கச்சி எந்த வார்டு?" என்று வேறு கேட்டாள்.

என் பெயரைப் போட்டால் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் எல்லாம், ஏறுவது இறங்கும், இறங்குவது ஏறும். ஆனால் ஒன்று சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் சோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். நேரில் போய்ப் பார்க்காத எதற்கும் போட்டதில்லை. அந்தப் புத்தகத்தில் பொய் எழுதினால் ஆள் விழுவான். உன் தாளில் தேதி, எண்ணிக்கை, காற்றழுத்தம் என்று நீ மூன்று பத்திதான் போட்டுக் கொடுத்தாய். நான்காவதாகக் கையெழுத்துக்கு ஒரு பத்தி நானே கோடு போட்டுக்கொண்டது. அந்தக் கையெழுத்து போதும் என்றால் என் பெயரையும் போட்டுக்கொள்.

இன்று காலை பெட்டிக்குள் 6,214 பயணிகள். மொட்டைமாடியைத் துளைத்துக்கொண்டு வருகிறார்கள், டிக்கெட்டும் இல்லை, லிஃப்டும் வேண்டாம். ஊரெல்லாம் லிஃப்டை ஓடவிட்ட நான் ஐந்தாம் மாடிக்குத் தொண்ணூற்றாறு படி ஏறுகிறேன். ஜன்னலில் இரண்டு புறாக்கள் குடிவந்திருக்கின்றன. அவற்றுக்கும் முழங்கால் வலி கிடையாது.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணா,

நலம். உங்கள் இருவர் நலமும் அப்படியே இருக்க வேண்டும். புறாக்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பத்தொன்பது வருஷத் தாள்களையும் கணினியில் ஏற்றி முடித்தேன். காற்று கனக்கும் நாளில் கீழே வந்து சேரும் துகள்கள் குறையும், லேசான நாளில் கூடும். நீங்கள் குறித்த காற்றழுத்தத்தை வைத்து அதைச் சரிசெய்தால், கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் 6,200-ஐ ஒட்டியே ஓடுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த எங்கள் தொட்டிகள்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

கிட்டத்தட்ட ஏழாயிரம் நாட்களில் விடுபட்டவை பதினொன்றுதான். அப்பா இறந்த நாளைத் தேடிப் பார்த்தேன். அன்று விடுபட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். எண் இருந்தது. கையெழுத்து மட்டும் அண்ணியுடையது. அதற்குமேல் அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை.

நான் வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. ஜூன் முடிந்ததும் வந்துவிடுவேன். இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை.

தங்கை


மார்ச் 14

பாப்பாவுக்கு,

சுகம். பிப்ரவரித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தாமதத்துக்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள். புஸ்ஸு புஸ்ஸென்று சத்தம், எழுத விடமாட்டேன் என்கிறது.

நேர்காணலுக்கு நன்றாகப் படி. இங்கே நீ வந்து பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? மார்ச் மாதத் தாள் வந்தது. கூடக் கடிதம் இல்லை. உறையைக் கிழித்தே பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை.

தாளில் ஒரு விஷயம். மார்ச் 2 வரை 6,200. மூன்றாம் தேதி 4,970. அதற்குப் பிறகு மாதம் முழுவதும் அங்கேயே நிற்கிறது. ஐந்தில் ஒரு பங்கு காணோம்! சூரியனில் பெரிய புயல் அடித்தால் இப்படித் திடீரென்று குறைவதுண்டு. உடனே வேறு மூன்று நிலையங்களுக்கு எழுதிக் கேட்டேன். அங்கெல்லாம் சூரியன் சாதுவாக இருக்கிறதாம். ஒரு நிலையத்தார் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, வானத்தில் கோளாறு இல்லை. பெட்டிக்கு வரும் மின்சாரம் சரியாக இருக்கிறதா? இல்லை, மொட்டைமாடியில் பெட்டிக்கு நேர்மேலே தண்ணீர்த் தொட்டி ஏதாவது வைத்தார்களா? கட்டுரை முடிகிற நேரம். காரணம் தெரியாவிட்டால் மார்ச்சுக்குப் பிறகு உள்ளதையெல்லாம் வெட்டிவிட வேண்டியதுதான்.

பதில் உடனே போடுங்கள்.

தங்கை


ஏப்ரல் 24

அன்புப் பாப்பாவுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இரு.

நீ கெட்டிக்காரி. தொட்டியேதான். மார்ச் மூன்றாம் தேதி மொட்டைமாடியில் புதுத் தொட்டி வைத்தார்கள், பெரிய தொட்டி, நம் அலமாரிக்கு நேர்மேலே. எனக்கு அது தோன்றவே இல்லை பார். அதையே எழுதிவிடு. விஷயம் முடிந்தது.

நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடையாக ஒன்று வாங்கிக்கொள். பழைய கம்பளிச் சட்டையோடு போய் நிற்காதே.

அண்ணன்


மே 8

அன்புள்ள அண்ணா,

நான் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். உங்கள் நலத்தை இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

தொட்டி என்றால் தண்ணீர் நிறையும், குறையும். எண்ணிக்கையும் கூடவே ஏறி இறங்க வேண்டும். உங்கள் தாளில் அப்படி இல்லை. அதோடு ஒரு தொட்டியால் இவ்வளவு துகள்களைத் தடுக்க முடியாது. நான் தொட்டிகளோடு குடித்தனம் நடத்துகிறவள், அண்ணா! கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டுமென்றால் பெட்டியின் தலைக்குமேல் இன்னும் ஐந்து தளங்களின் கான்கிரீட் இருக்க வேண்டும்.

உங்கள் மார்ச் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் ஐந்தாம் மாடிக்கு எப்படிக் கேட்கும்? புறாக்கள் எங்கே போயின?

பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது. பெட்டி இருக்கும் இடத்தில்தான் நீங்கள் இருப்பீர்கள். தொண்ணூற்றாறு படியும் இனி ஏற முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முழங்காலுக்கு அப்படிச் சொல்வார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்களே.

இங்கே இருக்கும் ஒரே தொலைபேசிக் கம்பியைப் பனிக்காற்று அறுத்துப்போட்டு மூன்று வாரமாகிறது. இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை


மே 19

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது.

நான் சுகம். உன் அண்ணன் தூங்குகிறார். மத்தியானத்தில் தூங்குகிற ஆளா அவர்? அதிலிருந்தே நீ புரிந்துகொள்ளலாம்.

மார்ச் ஒன்றாம் தேதி கடைக்குப் போய்விட்டு ஏறி வரும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்ல, செருப்பு வார் அறுந்துடுச்சு" என்றார். செருப்பு நன்றாகத்தான் இருந்தது. முகமெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரியில் இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். படி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே காலியாக இருந்த அறைக்கு இரண்டாம் தேதி ராத்திரியே வந்துவிட்டோம். அவர் முதலில் இறக்கச் சொன்னது பாத்திரத்தையா, கட்டிலையா? உன் பெட்டியை.

ஜூன் 19-ஆம் தேதி ஆபரேஷன். உனக்கு இருபதாம் தேதி. "அவ கிட்ட மூச்சு விட்டா என்னை உயிரோட பாக்க மாட்டே" என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். எனக்கும் கோபம் வந்தது. "அப்போ அந்தத் தாள்ல மட்டும் ஏன் குறைஞ்ச எண்ணைப் போடுறீங்க? ஆயிரத்து இருநூறு கூட்டிப் போட்டுட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "கடுதாசியில என்ன வேணா எழுதலாம். அது அண்ணன் எழுதுறது. தாள்ல கையெழுத்து இருக்குடீ" என்றார்.

சத்தியத்தை நான் மீறவில்லை. நீயாகக் கண்டுபிடித்ததற்கு ஆமாம் என்று மட்டும் சொல்கிறேன். வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது பாப்பா.

அண்ணி


ஜூலை 30
அறை எண் 11, மலை ஆய்வு நிலையம்

அன்புள்ள அண்ணா, அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தையல் போட்ட இடத்தில் அரிப்பு குறைந்ததா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா, அல்லது தலையணைக்கடியில் சேமிக்கிறாரா? அண்ணி, தயவுசெய்து தலையணையைத் தூக்கிப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை அறைக்குள் போகும்போது, "ஆறு மணி எண்ணை எழுதிட்டியா?" என்றுதான் அண்ணன் என்னிடம் கேட்டார். நான் எழுதியிருக்கவில்லை. அன்றைக்கு அந்த எண் எங்கே போனால் எனக்கென்ன? பன்னிரண்டாவது விடுபட்ட நாள் என்னுடையது. ஜூன் தாளில் அதை அப்படியே போடப்போகிறேன்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். கீழ்த்தளத்து எண்களைப் பழைய எண்களோடு பொருத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு மாடியிலும் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ஆறு வாரம் அந்தக் கட்டடத்தில் இருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக நானே ஏறியிருக்கலாம். தோன்றவே இல்லை! உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மூச்சு விடுவதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ரயிலில் பாதி தூரம் வந்த பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

பரவாயில்லை. கட்டுரையை மார்ச் 2-ஓடு முடித்துக்கொள்கிறேன். இதற்காக நீங்கள் ஒரு படிகூட ஏறக் கூடாது.

தங்கை


ஆகஸ்ட் 13

அன்புப் பாப்பாவுக்கு,

நான் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே. தலையணைக்கடியில் இருந்த இரண்டு மாத்திரைகளை உன் அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். காட்டிக்கொடுத்த புண்ணியம் உனக்கு.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். தையல், தலையணை, ரயில் எல்லாம் வந்துவிட்டது. நேர்காணலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கே இருந்தபோதும் நான் கேட்டபோதெல்லாம் "அது தள்ளிப் போயிருக்குண்ணா" என்று கழுவுற மீனில் நழுவுற மீனாக நழுவினாய். நானும் நம்பினேன். இப்போது உறையைத் திருப்பிப் பார்த்தால் அறை எண் 11 என்று இருக்கிறது.

நானும் பத்தொன்பது வருஷம் எண் படித்தவன்தானே.

இதற்குத்தான் பயந்தேன். நீ நான்கு வயதில் காய்ச்சலோடு கிடந்தபோது என் முதல் வேலைக்கான பரீட்சைக்கு நான் போகவில்லை. அம்மா சொல்லி உனக்குத் தெரியும். அதை நீ திருப்பித் தர வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது நீ அந்தக் கம்பளிச் சட்டையோடு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாய். மனதுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாகிறது.

உண்மையைச் சொல். தாளில் எழுதுவதுபோல் சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணா,

நலம்.

தாளில் எழுதுவதுபோல்: தேதி, ஜூன் 20. நேர்காணலுக்குப் போகவில்லை. தள்ளிவைக்கக் கேட்டேன், முடியாது என்றார்கள். வேறொருவர் தலைவராக வந்துவிட்டார். நல்ல மனிதர், தொட்டிகளை மதிக்கிறார். அறை எண் ஒன்றில் கணப்பு சரியாக வேலை செய்வதில்லையாம், அவருக்கும் மூக்கு சிவந்திருக்கிறது. கீழே என் கையெழுத்து.

முதல் வாரம் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் மறுபடி அந்த நாளைக் கொடுத்தாலும் அதே நாற்காலியில்தான் உட்காருவேன். இதற்குமேல் இதைப் பற்றி நாம் இருவரும் பேச வேண்டாம்.

பட்டியலில் இருநூற்றுப் பதினைந்தாவதாக நம் கட்டுரையைச் சேர்த்துவிட்டேன். உங்கள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அகர வரிசைக்காக இல்லை. அச்சுக்குக் கொடுக்க அக்டோபர் கடைசி வரை நேரம் இருக்கிறது. பக்கத்து வீட்டார் யாராவது பெட்டியை மாடி மாடியாக வைத்து அளந்தால் நல்லதுதான். நீங்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்யுங்கள், போதும்.

தங்கை


அக்டோபர் 18

அன்புப் பாப்பாவுக்கு,

சுகம்.

வாரம் ஒரு மாடி ஏறிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன், உன் அண்ணியிடம் இருக்கிறது. பெட்டியை நாலாம் மாடி டீச்சர் தூக்கினார், நான் என்னைத் தூக்கினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டில் ஒரு வாரம் வைத்தோம். காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினால் யாரும் திட்டவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். செருப்பு வார் அறுந்துவிட்டதா என்று அண்ணி கேட்டாள்.

வாரக் கடைசி எண்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். முழுத் தாள் உள்ளே இருக்கிறது.

செப்டம்பர் 6, கீழ்த்தளம், 4,958. கையெழுத்து: அண்ணன்.
செப்டம்பர் 13, முதல் மாடி, 5,151. கையெழுத்து: அண்ணன்.
செப்டம்பர் 20, இரண்டாம் மாடி, 5,372. கையெழுத்து: அண்ணன்.
செப்டம்பர் 27, மூன்றாம் மாடி, 5,604. கையெழுத்து: அண்ணன்.
அக்டோபர் 4, நான்காம் மாடி, 5,866. கையெழுத்து: அண்ணி. (எனக்குத் தலைசுற்றல். டாக்டர் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார்.)
அக்டோபர் 11, நான்காம் மாடி, 5,881. கையெழுத்து: அண்ணன்.

இன்று காலை, ஐந்தாம் மாடி, பூட்டிக் கிடக்கும் நம் வீடு. புறாக்கள் அலமாரி மேலேயே கூடு கட்டியிருக்கின்றன, பெட்டியைத் தரையில்தான் வைத்தேன். பத்தொன்பது வருஷமாக எல்லாப் பயணிகளும் இந்த வழியாகக் கீழேயேதான் போனார்கள். இன்றுதான் ஒருத்தர் ஏறி வந்தார்.

6,203.

கையெழுத்து: அண்ணன்.